ஸ்கேப்கோட் என்றால் பலிகடாவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளில் பலர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். முனியாண்டி கோயிலில் கடா வெட்டி முடிந்த வாரத்தில் ஸ்கேப்கோட் (scapegoat) என்ற இந்த ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி யாராவது கேட்காமல் இருந்ததில்லை. பிள்ளைகள் மட்டுமல்ல, அழைத்துப்போக வரும் அம்மாக்கள், தேவாலயத்துக்குப் போகும் அக்கா, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஐயா என்று எல்லாரும் கேட்டதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டீச்சர், ஸ்கேப்கோட்னா பலிகடாதானே? அப்படியே எழுதிறலாமா?

எழுதலாம். அடுத்தவர் தப்புக்குப் பழி சுமக்கிறவர் என்பதே இரண்டுக்கும் இன்றைய பொருள். தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்த கணக்கு உதைக்கிறது என்று வையுங்கள். நிறுத்தவர், எழுதியவர், லாரியில் ஏற்றியவர் என்று நாலு கை மாறியிருக்கும். கடைசியில் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பையன் தலையில் கட்டிவிடுவார்கள். அவன்தான் ஸ்கேப்கோட். நாமும் 'அவனைப் பலிகடா ஆக்கிட்டாங்க' என்றுதான் சொல்வோம்.

ஆனால் இரண்டு சொல்லும் ஒரே ஆட்டிலிருந்து பிறக்கவில்லை. நம் பலிகடா வெட்டுப்பட்ட கடா. ஸ்கேப்கோட் வெட்டுப்படாமல் போன கடா. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

அதுல வர்ற 'ஸ்கேப்' என்னது? லேண்ட்ஸ்கேப்ல இருக்கிற ஸ்கேப்பா?

இல்லை. லேண்ட்ஸ்கேப் டச்சுக்காரர்களிடமிருந்து வந்த சொல். அதன் வால் பகுதிக்கும் ஆட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இங்கே இருப்பது 'எஸ்கேப்', அதாவது தப்பிப்பது. பழைய ஆங்கிலப் பேச்சில் முன்னால் உள்ள 'எ'யை விழுங்கிவிட்டு 'ஸ்கேப்' என்றே சொல்வார்கள். நம் பையன்கள் சிலர் கட்டுரையில் 'எஸ்கேப் கோட்' என்று எழுதிச் சிவப்பு மை வாங்குகிறார்கள். எழுத்துப்படி தப்பு. ஆனால் சொல் பிறந்த வழி அவர்கள் எழுதியதுதான்.

எஸ்கேப் என்பதற்கும் ஒரு கதை உண்டு. லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'கப்பா' என்றால் மேலங்கி. துரத்துகிறவன் கையில் மேலங்கியை விட்டுவிட்டு ஆள் நழுவிவிடுகிறான்.

இது எந்தக் கதையில இருந்து வந்துச்சு டீச்சர்?

பைபிளின் பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 16ஆம் அதிகாரம். கதை என்பதைவிடச் சடங்கு முறை என்பதே சரி. யூதர்களின் ஏழாம் மாதம் பத்தாம் நாள், யோம் கிப்பூர் என்ற பாவ நிவர்த்தி நாளில், இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தலைமைக் குரு சீட்டுப் போடுவார். ஒரு சீட்டு கடவுளுக்கு, இன்னொன்று 'அசாசேலுக்கு'. கடவுள் சீட்டு விழுந்த கடாவைப் பலியிட்டு, அதன் இரத்தத்தைத் திருத்தலத்தின் உள்ளே கொண்டுபோய்த் தெளிப்பார்.

அடுத்த கடா உயிரோடு நிற்கும். குரு தம் இரண்டு கைகளையும் அதன் தலைமேல் அழுத்தி வைத்து, மக்கள் செய்த எல்லாப் பாவங்களையும் வாய்விட்டு அறிக்கையிடுவார். அந்தப் பாவமெல்லாம் கடாவின் தலைக்கு மாறிவிட்டதாக அர்த்தம். அதன்பின் அதற்கென்று நிற்கும் ஓர் ஆள் அதை ஓட்டிக்கொண்டு போய் வனாந்தரத்தில் விட்டுவிடுவான். திரும்பி வருகிறவன் துணியைத் துவைத்து, குளித்துவிட்டுத்தான் குடியிருப்புக்குள் நுழையலாம். இந்தக் குளிக்கிற விஷயத்தை நினைவில் வையுங்கள், கடைசிக் கேள்வியில் தேவைப்படும்.

அப்ப எந்த ஆடு பலி, எந்த ஆடு ஸ்கேப்கோட்?

முதல் கடா பலி, இரண்டாவது ஸ்கேப்கோட். இரண்டும் ஒன்றல்ல.

தப்பிச்சதுதான் ஸ்கேப்கோட்னா, மாட்டிக்கிட்டவனை ஏன் அப்படிச் சொல்றோம்? தலைகீழா இருக்கே!

வகுப்பில் இதைக் கேட்ட பிள்ளைக்கு நான் மனதுக்குள் முழு மதிப்பெண் போட்டேன். பெயர் வைத்தபோது பார்த்தது ஆட்டின் கழுத்தை: கத்தி விழவில்லை, தப்பியது. பிற்காலத்தில் சொல்லை மனிதர்களுக்குப் பயன்படுத்தியவர்கள் பார்த்தது ஆட்டின் தலையை: ஊரார் பாவம் முழுக்க அதன்மேல். இரண்டுமே அந்தச் சடங்கில் இருப்பதுதான். பழி சுமத்தல் மட்டும் நிலைத்தது, தப்பித்தல் பேச்சிலிருந்து உதிர்ந்துபோனது.

மனிதருக்கு இந்தச் சொல்லைப் போடுவது 1820களில்தான் எழுத்தில் தெரிகிறது. அதுவரை சுமார் முந்நூறு வருஷம் அது பைபிள் ஆட்டுக்கு மட்டுமான பெயராக இருந்தது. 'அவனை ஸ்கேப்கோட் பண்ணிட்டாங்க' என்று வினைச்சொல்லாகப் போடுவது இன்னும் புதிது, 1940களில் வந்தது.

இந்த வார்த்தையை யாரு கண்டுபிடிச்சா?

வில்லியம் டிண்டேல். ஆங்கிலச் சொற்களில் 'இன்னார் உண்டாக்கினார், இந்த ஆண்டில்' என்று கைகாட்ட முடிந்தவை குறைவு. இது அவற்றில் ஒன்று. பைபிளின் முதல் ஐந்து ஆகமங்களை எபிரேய மூலத்திலிருந்து நேரே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த முதல் ஆள் இவர். 1530இல் அச்சானது. அக்காலத்தில் இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் வேதத்தை ஆங்கிலப்படுத்துவது குற்றம். அதனால் ஆண்ட்வெர்ப்பில் அச்சடித்துவிட்டு, ஜெர்மனியில் அச்சானது என்று புத்தகத்திலேயே பொய் முகவரி போட்டார்கள்.

'பாஸ்ஓவர்' என்ற பண்டிகைப் பெயரும் டிண்டேல் கொடுத்ததுதான். 1536இல் பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் வில்வோர்டே என்ற ஊரில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று, பிறகு எரித்தார்கள். 1611இல் அரசர் பெயரால் வந்த மொழிபெயர்ப்பு அவர் சொற்களைப் பெருமளவு அப்படியே எடுத்துக்கொண்டது. ஸ்கேப்கோட்டும் அதன் வழியாகத்தான் வீடு வீடாகப் போனது.

அசாசேல்னு சொன்னீங்களே, அது சைத்தான் பேருன்னு பள்ளியில என் மலாய்க் கூட்டாளி சொல்றான்?

அவன் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. இஸ்லாமிய மரபில் இப்லீஸ் என்ற சைத்தான் வீழ்வதற்கு முன் அவனுக்கு அசாசில் என்று பெயர் இருந்ததாகச் சொல்வார்கள். யூதர்களின் பழைய நூலான ஏனோக்கிலும் அசாசேல் விழுந்துபோன தூதர்களில் ஒருவன். லேவியராகமத்தில் அந்த எபிரேயச் சொல் என்ன பொருளில் வருகிறது என்பதில்தான் வழக்கு, அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை.

ஒரு சாரார் அது ஓர் ஆவியின் பெயர் என்கிறார்கள். 'ஒரு சீட்டு கடவுளுக்கு, ஒரு சீட்டு அசாசேலுக்கு' என்று எதிரெதிரே வைத்திருப்பதால் அந்தப் பக்கமும் ஒரு பெயர்தானே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது வலுவாகத்தான் படுகிறது. யூத குருமார் சிலர் அதைக் கரடுமுரடான மலை என்றார்கள். மூன்றாவது வழி, சொல்லை இரண்டாக உடைப்பது: எபிரேயத்தில் 'ஏஸ்' என்றால் வெள்ளாடு, 'அசல்' என்றால் போவது. சேர்த்தால் 'போகிற ஆடு'. பழைய கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகள் இந்தப் பக்கமாகவே போயின. டிண்டேலும் அதே வழியில் போய் ஸ்கேப்கோட் என்றார். 1885இல் வந்த திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு அவர் சொல்லை எடுத்துவிட்டு 'அசாசேல்' என்றே போட்டது. ஆக, பெயரை உடைத்தது தப்பென்றால், ஆங்கிலத்தில் இவ்வளவு புழங்கும் ஒரு சொல் மொழிபெயர்ப்புப் பிசகில் பிறந்தது என்றாகிறது!

எங்க தமிழ் வேதாகமத்துல இந்த ஆட்டுக்கு என்ன பேரு?

இதைக் கேட்ட அக்காவிடம் அவர் கையிலிருந்த வேதாகமத்தையே திறக்கச் சொன்னேன். 'போக்காடு' என்று இருந்தது. போக்கிவிடும் ஆடு, போகிற ஆடு. எவ்வளவு சுத்தமான சொல், பாருங்கள். மேலே சொன்ன 'ஏஸ்' 'அசல்' இரண்டையும் நாலு எழுத்தில் அடக்கிவிட்டது. பிரசங்கத்துக்கு வெளியே அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. செய்தித்தாளில் பலிகடாவே ஜெயித்துவிட்டது, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மலாயில கம்பிங் ஹீத்தாம்னு படிச்சோம். அதை பிளாக் ஷீப்னு இங்கிலீஷ்ல எழுதலாமா?

கூடாது. வருஷம் தவறாமல் விழுகிற குழி இது. கம்பிங் ஹீத்தாம் என்றால் எழுத்துப்படி கறுப்பு ஆடு, பொருள்படி ஸ்கேப்கோட். ஆங்கில 'பிளாக் ஷீப்' வேறு ஆள்: குடும்பத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறவன். அவன் அந்தப் பெயரைத் தானே சம்பாதித்தவன். ஸ்கேப்கோட் மேல் மற்றவர்கள் ஏற்றியது. சீனப்பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் 'குற்றத்துக்கு ஈடாக நிற்கும் ஆட்டுக்குட்டி' என்ற பொருளில் ஒரு தொடர் சொல்வார்கள். அது சரியாகப் பொருந்தும்.

அந்த ஆட்டைப் படமா யாராச்சும் வரைஞ்சிருக்காங்களா?

வில்லியம் ஹோல்மன் ஹன்ட் என்ற ஆங்கில ஓவியர் 1854இல் சாக்கடல் கரைக்கே போய் வரைய ஆரம்பித்தார். உப்புப் படிந்த கரையில் களைத்து நிற்கும் கடா, கொம்பில் சிவப்புத் துணி. 1856இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். பெரிய படம் இப்போது இங்கிலாந்தின் போர்ட் சன்லைட்டில், லேடி லீவர் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஆமாம், சன்லைட் சோப்புதான். சோப்புக் கம்பெனி முதலாளி லீவர் கட்டிய ஊர், கட்டிய கூடம். செம்பனை எண்ணெய் போன்ற தாவர எண்ணெயில் சோப்புக் காய்ச்சிச் சேர்த்த பணம் அது. செம்பனைக்கு நடுவில் இருக்கிற நமக்கு இந்தத் தகவல் சும்மா போகாது என்று எழுதி வைக்கிறேன். மான்செஸ்டரில் இதே படத்தின் சிறிய வடிவம் உண்டு. அதில் கடா கறுப்பு! கம்பிங் ஹீத்தாம் என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைக் காட்டுவேன்.

நம்ம முனியாண்டி கோயில் கடா வெட்டும் இதுவும் ஒண்ணுதானே?

கடா ஒன்று, வேலை வேறு. முனியாண்டிக்கு நாம் வெட்டுவது நேர்த்திக்கடன். பிள்ளை பிழைத்தது, வேலை கிடைத்தது, அதற்காகக் கொடுப்பது. கடாவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாலை போட்டு, அது உடம்பைச் சிலிர்க்கும்வரை காத்திருக்கிறோம். சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டது. பிறகு கறி சமைத்து எல்லாரும் சாப்பிடுகிறோம். பாவம் ஏற்றிய ஆடென்றால் யாராவது வாயில் வைப்பார்களா? முனியாண்டி கடா, லேவியராகமத்தில் பலியான முதல் கடாவின் பக்கத்து ஆள். நேர்ந்துவிட்ட கடா சில மாதம் லயமெல்லாம் (தோட்டத்து வரிசை வீடுகள்) சுற்றி, யார் வீட்டுச் செடியை மேய்ந்தாலும் அடி வாங்காமல் திரிவதைப் பார்த்து 'இதுதான் விடப்பட்ட ஆடு' என்று ஒருவர் வாதாடினார். அதுவும் இல்லை, அது நாள் குறித்த கடா.

நம்மிடம் ஸ்கேப்கோட்டுக்குச் சொந்தம் வேறு இடத்தில் இருக்கிறது: திருஷ்டி கழிப்பதில். உப்பு, மிளகாய், எலுமிச்சை, பூசணிக்காய் எதுவாக இருந்தாலும் ஆளைச் சுற்றி, கண்ணேறு அதற்குள் இறங்கியதாகக் கொண்டு, முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறோம். கையைக் காலைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறோம். வனாந்தரத்துக்கு ஆடு ஓட்டியவன் குளித்ததையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

அச்சு அசலான விலங்குச் சடங்கு வேண்டுமென்றால் தமிழ்நாட்டு நீலகிரியிலேயே இருந்தது. அங்குள்ள படகர் சமூகத்தில் இழவு வீட்டில் ஒரு கன்றைக் கொண்டுவந்து, இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை வரிசையாகச் சொல்லி, அவை அதன்மேல் போகட்டும் என்று அவிழ்த்து விரட்டிவிடுவார்களாம். 19ஆம் நூற்றாண்டில் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தாத்தா பாட்டி கப்பலேறிக்கொண்டிருந்த அதே காலம்.

ஆட்டை விட்டுட்டு மனுசனையே இப்படி விரட்டுன ஊரும் உண்டா?

உண்டு. பழைய ஏதென்ஸில் தார்கேலியா என்ற திருவிழாவின்போது இருவரைப் பிடித்து, ஊர்த் தீட்டெல்லாம் அவர்கள்மேல் என்று சொல்லி வெளியே துரத்துவார்கள். 'ஃபார்மகோஸ்' என்று பெயர். யாரைப் பிடித்தார்கள் என்று கேட்காமலே தெரியும்: ஏழைகளை, கேட்க ஆளில்லாதவர்களை.

அந்த ஆடு நெசமாவே தப்பிச்சுதா, இல்ல கதையா?

லேவியராகமம் சொல்வது 'வனாந்தரத்தில் விட்டான்' என்பது மட்டும். ஆனால் எருசலேமின் இரண்டாம் ஆலய காலத்தில் நடந்த முறையை, பின்னால் தொகுத்த யூதச் சட்ட நூலான மிஷ்னா வேறு மாதிரி சொல்கிறது. கடாவை ஒரு செங்குத்தான பாறைவரை கொண்டுபோவார்கள். சிவப்பு நூலை இரண்டாக்கி, ஒரு பாதியைப் பாறையிலும் மறுபாதியைக் கொம்பிலும் கட்டுவார்கள். பிறகு பின்னாலிருந்து தள்ளிவிடுவார்கள். பாதி மலை இறங்குவதற்குள் உடம்பு சிதறிவிடும் என்று எழுதியிருக்கிறது. ஹன்ட் வரைந்த சிவப்புத் துணிக்கும் மூலம் இந்த நூல்தான்.

பாவத்தைச் சுமந்த ஆடு திரும்பி ஊருக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமாக இருக்கலாம், நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கி.பி. எழுபதாம் ஆண்டில் ரோமர்கள் ஆலயத்தை இடித்தபிறகு இந்தச் சடங்கும் நின்றுபோனது. ஆக 'தப்பியது' என்பது ஆகமத்தின்படி சரி, மிஷ்னாவின்படி அரை நாள் தவணை. முதல் பதிலில் பலிகடா என்று எழுதலாம் என்றேனே, அதற்கு இப்படி ஒரு நியாயமும் கிடைக்கிறது.

ஒருத்தரை ஸ்கேப்கோட்னு சொன்னா அவர் தப்பே செய்யலைன்னு அர்த்தமா?

அப்படி முழுசாகச் சொல்ல முடியாது. தப்பே செய்யாதவரும் ஆகலாம். 1894இல் பிரெஞ்சு ராணுவத்தில் உளவுக் குற்றம் சாட்டித் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்ட ஆல்ஃபிரெட் டிரைஃபஸ் அப்படி ஒருவர். காட்டிக்கொடுத்தது இன்னோர் அதிகாரி. டிரைஃபஸ் யூதர் என்பது பழியை அவர்மேல் ஏற்ற வசதியாக இருந்தது. 1906இல்தான் அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து செய்த தப்பில் ஒருவர் மட்டும் மாட்டினாலும், அவர் பங்கு உண்மையாகவே இருந்தாலும், ஸ்கேப்கோட் என்று சொல்லலாம். பங்குக்கு மிஞ்சிய சுமை ஏறியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுரையில் கலந்துவிடும் இன்னொரு தொடர் 'சாக்ரிஃபிஷியல் லேம்' (sacrificial lamb), அதாவது பலி ஆட்டுக்குட்டி. ஒரு காரியம் நடக்க இழக்கக் கொடுக்கப்படுகிறவர் அவர். தோற்பது உறுதியான தொகுதியில் கட்சி நிறுத்தும் வேட்பாளர் மாதிரி. அவர்மேல் பழி கிடையாது. பழி வந்தால்தான் ஸ்கேப்கோட்.

சாமிக்குக் கொடுக்கிறதும் சாக்ரிஃபைஸ், பிள்ளை படிக்க நகையை விக்கிறதும் சாக்ரிஃபைஸ். அப்ப ஸ்கேப்கோட்டும் ஒரு சாக்ரிஃபைஸ்தானே?

கிராணி ஐயா கேட்டது. எளிதில் விடமாட்டார். சாக்ரிஃபைஸ் என்பதன் லத்தீன் மூலத்துக்குப் பொருள் 'புனிதமாக்குவது'. கொடுக்கும் பொருள் கொடுத்தவர் கையைவிட்டுக் கடவுளுடையதாகிறது. அதனால்தான் பழுதில்லாத ஆடாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற விதி. நகை விற்ற அம்மாவும் கைவிட்டது மதிப்புள்ள பொருளைத்தான். ஸ்கேப்கோட் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. அதன்மேல் ஏற்றுவது வேண்டாததை, அனுப்புவது கடவுளிடமிருந்து தூரமாக. ஓட்டிப்போனவன் குளிக்க வேண்டியிருந்தது அதனால்தான். இந்தக் கணக்கில் அது சாக்ரிஃபைஸ் அல்ல என்றுதான் நான் பதில் சொன்னேன்.

அவர் மறுவாரம் வேதாகமத்தோடு வந்து 16ஆம் அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தில் விரல் வைத்தார். சீட்டுப் போடுவதற்கு முன், இரண்டு கடாக்களையும் சேர்த்தே பாவநிவாரண பலிக்கு என்று வாங்கச் சொல்கிறது அந்த வசனம். உண்மைதான். சீட்டு விழும்வரை இரண்டும் ஒரே பலி. விழுந்தபிறகுதான் வழி பிரிகிறது. ஒன்றின் இரத்தம் உள்ளே போகிறது, மற்றதன்மேல் ஏறிய பாவம் வெளியே போகிறது. இரண்டும் நடந்தால்தான் சடங்கு முழுமை. ஆகவே பழைய சடங்கைப் பற்றி எழுதும்போது அதைப் பலியின் பாதி என்று சொல்ல இடமுண்டு. இன்றைய ஆங்கிலத்தில் மட்டும் இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்: சாக்ரிஃபைஸ் ஒருவர் தாமாகவும் செய்யலாம், ஸ்கேப்கோட்டாக மற்றவர்கள்தான் ஆக்குவார்கள்.